காலமான அம்மாவின் தீபாவளி

"என் மாமியாரைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சுத் தாங்கய்யா" என்றாள் அந்தப் பெண். "இன்னைக்கே கண்டுபிடிக்கணும்."

துப்பறியும் வேதநாயகம் பேனாவைத் திறந்தார். "எப்ப நடந்ததும்மா?"

"தெரியலையே. நேத்துத்தான் சொன்னாவ."

"உடம்பு எங்கே இருக்கு?"

"வீட்டுல. காலையில கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்காவ."

வேதநாயகம் பேனாவை மூடிவிட்டார். பக்கத்து ஸ்டூலில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கெங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "கஞ்சி குட்ச்ச பொணத்த இப்பத்தான் கேக்குறேன் நைனா. தொட்டுக்க இன்னா குட்த்தாளாம், கேளு."

நமக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருந்தால் வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. தலை வாரவில்லை. தி. நகர் பாத்திரக் கடை மாடியில் இருக்கிற அவர் ஆபீசுக்கு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பெயர் சீதா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது மயிலாப்பூர்.

அவள் அழுதுகொண்டே சொன்னதை நான் கோவையாகச் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் அய்யாதுரைக்குக் கிண்டியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. ஃபாக்டரி ஆட்களுக்குச் சர்க்கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறதல்லவா, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பார்களே, அதில் தொழிலாளியோடு பெண்டாட்டி பிள்ளைகளுக்கும், அவனை நம்பியிருக்கிற வயதான தாய் தகப்பனுக்கும் சேர்த்துத்தான் கார்டு. அந்தக் கார்டுதான் மாமியார் சண்முகவடிவுக்கு மருந்து, மாத்திரை, ஊசி, எல்லாம். சர்க்கரை வியாதிக்காரி. காலில் புண் வந்து, பெருவிரல் கறுத்துப் போய்விட்டது. உடனே அறுக்க வேண்டும் என்று, கார்டை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கிற பேட்டை இன்ஷூரன்ஸ் டாக்டர் எழுதிக் கொடுத்து, கே.கே. நகரில் இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கவுண்டரில் இருந்தவர் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சங்கடமாக நிமிர்ந்தார். சண்முகவடிவு என்கிற பெயர் அடித்திருக்கிறது, பக்கத்தில் 'காலமானார்' என்று இருக்கிறது என்றார். அந்தச் சண்முகவடிவு அப்போது அவர் எதிரிலேயே, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மாற்றி எழுதி வந்தால் அந்த நிமிஷமே சேர்த்துக்கொள்கிறேன், அதுவரை என் கை கட்டிக் கிடக்கிறது என்றுவிட்டார் அவர்.

தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் சீதா. கட்டில் காலியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். விரலோடு நிற்கிற கறுப்பு முழங்காலுக்கு ஏறினால் கால் போகும், அதற்கும் மேலே போனால் ஆளே போய்விடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. அடுத்த வாரம் என்பது அவளுக்கு அடுத்த ஜன்மம் மாதிரி இருந்தது.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"நான் பாத்துக்கிடுதேன்னாவ. அதோட சரி. ராத்திரி பூரா செவுத்தப் பாத்து உக்காந்திருந்தாவ." சீதா குரலைத் தாழ்த்தினாள். "அய்யா, வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. அவியளுக்கு வேற குடும்பம் இருக்குமோ? அங்கன ஒரு அம்மா இருந்து, அவ செத்துப் போயிட்டாளோ?"

"ரெண்டாவது பொண்டாட்டி வெச்சிக்கினவன நெறைய பாத்துகீறேன்" என்றாள் கெங்கம்மா. "ரெண்டாவது ஆத்தா வெச்சிக்கினவன் இவன் ஒர்த்தன்தான்."

கெங்கம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நொச்சிக்குப்பத்தில் மீன் கூடை சுமந்தவள். வேதநாயகம் பழைய கேஸ் ஒன்றுக்காக அவளிடம் விசாரிக்கப் போனபோது, கூடையைத் தங்கைக்காரி தலையில் மாற்றிவிட்டு இவர் பின்னாலேயே வந்தவள்தான். நாக்கு மட்டும் இன்னும் மீன் மார்க்கெட்டில் இருக்கிறது. இவள் பேச்சை நம்பி ஆளை எடை போட்டால் ஏமாந்து போவீர்கள். அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் படியிறங்கியவள் அவள்தான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே வாசலில் பல குடித்தனங்கள். கடைசி அறையில் கட்டிலில் கிடந்தாள் சண்முகவடிவு. வேட்டித் துணி சுற்றிய காலிலிருந்து வாசற்படி வரைக்கும் வாடை வந்தது. வேதநாயகத்தை இன்ஷூரன்ஸ் ஆபீசர் என்று நினைத்துவிட்டாள், பாவம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்து, நான் உசிரோட இருக்கேன்யா, நல்லா பாத்துக்கிடுங்க என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

கெங்கம்மா வாயைத் திறந்தாள். அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வேதநாயகம் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகனைப் பற்றித்தான் கேட்டார். மகனைப் பற்றி ஒரு தாயிடம் கேட்டால் நிற்குமா? போன ஆவணியில் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தாளாம். அப்போது சீதா பேறுகாலத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். அய்யாதுரைதான் ராப்பகலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயில் கஞ்சி ஊற்றி, துணி அலசிப் போட்டு, எமன் வாயிலிருந்து இழுத்து வந்தானாம். இவள் பிழைத்து எழுந்ததும், வேண்டுதல் என்று திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தானாம்.

"மீசையையும்லா எடுத்துட்டு வந்து நின்னான். முருகன் மீசையையுமா கேட்டாருன்னு சிரிச்சேன். தலையில பொட்டுச் சந்தனம் தடவல. விபூதி எங்கலேன்னா, மறந்துட்டேம்மாங்கான். நேந்துக்கிட்ட சாமிகிட்டப் போயி விபூதிய மறப்பானா ஒருத்தன்?"

வேதநாயகம் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வந்தவர்களுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லையே என்று அவளுக்குக் குறை. தீபாவளிக்கு வந்திருந்தால் அதிரசம், முறுக்கு, லட்டு என்று வகைவகையாகத் தந்திருப்பேன் என்றாள். மகனோடு வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டார்களாம். சர்க்கரை உடம்பு, அரை அதிரசத்துக்கு மேல் தின்னவில்லை என்று மருமகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க பதிலுக்கு ஒண்ணும் கொடுத்தனுப்பலையாம்மா?"

"அனுப்பாம இருப்பேனா? நானே உக்காந்து முறுக்குச் சுத்தி, பொட்டலம் கட்டிக் குடுத்தேன். கட்டுன கட்டு பிரியாம அவன் பையிலயே கெடந்துச்சு. குடுக்க மறந்துட்டானாம்."

சந்தில் இறங்கியதும் வேதநாயகம் நின்றார். கெங்கம்மா, ஒரு கணக்குப் போடு என்றார். ஒருத்தன் மொட்டை அடித்து மீசையையும் எடுக்கிறான், சந்தனம் மட்டும் தடவவில்லை. தீபாவளிக்கு எல்லார் வீட்டுப் பலகாரமும் அவனைத் தேடி வருகிறது, அவன் வீட்டுப் பலகாரம் ஒருத்தருக்கும் போகவில்லை. அது எந்த மாதிரி வீடு?

கெங்கம்மா தோளிலிருந்த குழந்தையைச் சீதாவிடம் கொடுத்தாள்.

"சாவு வூடு" என்றாள். "ஐயோ நைனா. அந்த ஆத்தா தன் சாவுக்கு வந்த அதிரசத்தத் தானே துன்னுகீது."

ஊகம் ஊகம்தான், சாட்சி வேண்டுமே. கிண்டி கம்பெனிக்குப் போகிற வழியில் சைதாப்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நுழைந்து வேதநாயகம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்தார். சண்முகவடிவு இறந்ததாகச் சொன்னது கம்பெனிதான் என்பது முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவது கேள்வி என்னவென்று கெங்கம்மா நச்சரித்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் கிண்டி வரைக்கும், உன் வாயில கொழுக்கட்டையா வெச்சிகீது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கம்பெனி வாசல் டீக்கடையில் சாப்பாட்டுச் சங்குக்காகக் காத்திருந்தார்கள். காக்கிச் சட்டைக்காரர்கள் வெளியே வந்தார்கள். அதில் ரங்கன் என்கிற ஒருவன், அய்யாதுரையோடு ஒரே மெஷினில் நிற்கிறவன், டீ வாங்க வந்தான். வேதநாயகம் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையிலிருந்து மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். வீட்டில் கல்யாணம், அய்யாதுரைதான் முன்னால் நின்று தாம்பூலத் தட்டு எடுத்துத் தர வேண்டும், கூப்பிட வந்திருக்கிறோம் என்றார்.

ரங்கன் டீயைக் கீழே வைத்தான்.

"இன்னா சார், தெரிஞ்சவங்களே இப்டி கேக்குறீங்க. அவங்கம்மா தவறி இன்னும் வருசம் திரும்பல. தட்டு எப்டி எடுப்பான்? ஊர்ல காரியம் பண்ணிட்டு மொட்டையோட வந்து நின்னான் சார், பாக்கவே முடில. தீவாளிக்கு அவன் வூட்ல எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதுன்னு நாங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் குட்த்தோம். லேபர் ஆபீசர் ரகுமான் சார் மொத்த ஷெட்டையும் எழுந்து நிக்க வெச்சாரு."

அவன் நல்லவன். அதனால்தான் அவன் சொன்னது நெஞ்சில் அப்படி இறங்கியது.

அய்யாதுரை தனியாக, மதில் ஓரம், டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்காரன் கிழவன் மாதிரி இருந்தான். வேதநாயகம் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். உன் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். அவன் டப்பாவின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"லீவு கேட்டேன்யா" என்றான். "அம்மாவுக்குக் காய்ச்சல், வீட்டுல ஒருத்தரும் இல்லன்னு காலப் பிடிக்காத கொறையாக் கேட்டேன். உன் லீவெல்லாம் தீந்துபோச்சு, காய்ச்சலுக்கெல்லாம் கெடையாதுன்னுட்டாரு போர்மேன். அம்மா செத்தா உண்டு. காரியம் முடியுத வரைக்கும் உண்டு. பக்கத்துல ஆள் இல்லாட்டி அவ பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சு போச்சு. அதான் கொன்னுட்டேன்யா. ஊர்ல தவறிட்டான்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி அவ வாயில கஞ்சி ஊத்துனேன்."

கெங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெயரை அடித்தது நேற்று வரை அவனுக்குத் தெரியாது. ரகுமான் சார் வேலையில் ஒழுங்கானவர். தொழிலாளியின் அம்மா இறந்தால் கார்டிலும் மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்காமலே எழுதி அனுப்பிவிட்டார். துக்கத்தில் இருக்கிறவனுக்கு அந்த வேலை எதற்கு என்று அவருக்கு இரக்கம் வேறு.

"இப்ப உண்மையச் சொன்னா, ஏமாத்தி லீவு எடுத்ததுக்கு வேலை போயிரும். வேலை போனா கார்டு போயிரும். கார்டு போனா அவளுக்கு ஏது ஆஸ்பத்திரி? சொன்னாலும் அவதான் சாவுதா. சொல்லாட்டியும் அவதான் சாவுதா. ரெண்டு நாளா இதையேதான்யா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

செத்தது பெரியாத்தா, ஆபீஸ்காரர்தான் தப்பா எழுதிட்டாருன்னு ஒரு போடு போட்டா இன்னா என்று கெங்கம்மா கேட்டாள். வேதநாயகம் தலையசைத்தார். அதற்கு ஊரிலிருந்து அத்தாட்சி கேட்பார்கள், அது வருவதற்குள் கறுப்பு எங்கே ஏறியிருக்குமோ. தவிர, அந்த ரகுமான் தலையில் போய்க் குற்றத்தை வைப்பதா?

பிறகு அவர் பையில் வைத்திருந்த இரண்டாவது பதிலை எடுத்தார்.

"கார்டு போகாது, தம்பி. இதைத்தான் சைதாப்பேட்டையில் கேட்டுட்டு வந்தேன். இன்னைக்கே உன் வேலை போனாலும், இதுவரைக்கும் நீ கட்டினதுக்கு உண்டான காலம் முடியறவரைக்கும் கார்டு செல்லும். உனக்கும் செல்லும், உன் அம்மாவுக்கும் செல்லும். ஆபரேஷன் நடந்து புண் ஆறி வீட்டுக்கு வர அந்தக் காலம் போதும்."

இதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அவன் வெளுத்துப் போனான். அதுவரை, அம்மாவுக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. ஒரு பக்கம் அம்மாவின் கால். மறு பக்கம் சீதா, கைக்குழந்தை, வருஷக்கணக்காக நின்ற மெஷின். நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

"அப்ப என் வேலை?"

"அதைக் காப்பாத்த எனக்கு வழி தெரியலப்பா" என்றார் வேதநாயகம். எத்தனையோ பூட்டுகளைத் திறந்த மனிதர், இதைச் சொல்லும்போது அவனை நேராகப் பார்க்கவில்லை.

சங்கு ஊதியது. அய்யாதுரை எழுந்து சட்டையை உதறிக்கொண்டான். ஷெட்டுக்குப் போகிற பாதையில் கொஞ்ச தூரம் நடந்தான். கெங்கம்மா வாய்க்குள் என்னவோ திட்டினாள். பாதை பிரிகிற இடத்தில் அவன் நின்று, டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஆபீஸ் பக்கம் திரும்பினான்.

"ஓடு" என்றார் வேதநாயகம். "டாக்சி பிடிச்சுப் போய் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. நான் காகிதத்தோட வரேன்." கெங்கம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

லேபர் ஆபீசர் ஹபீபுர் ரகுமான் அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"சார், எங்கம்மா உயிரோட இருக்காவ."

துக்கத்தில் இருக்கிற பையன் என்னவோ உளறுகிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அந்த முகத்திலிருந்த இரக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றார் வேதநாயகம். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தம்மாவுக்காக நான் தொழுகையில் துவா கேட்டேனேய்யா" என்றார் ரகுமான்.

காகிதத்தை இழுத்து, சண்முகவடிவு உயிரோடு இருக்கிறார், கம்பெனி கொடுத்த தகவல் தவறு என்று தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி, முதலில் அதை வேதநாயகத்திடம் நீட்டினார். சீக்கிரம் போங்கள் என்றார். அதன் பிறகுதான், தலையை நிமிர்த்தாமல், அய்யாதுரையிடம் கேட் பாஸைக் கேட்டார். மேலே எழுதுகிறேன், பெரியவர்கள் முடிவு செய்வார்கள், ஆனால் நம்பிக்கை வைத்துக்கொள்ளாதே என்றார். வாசலில் ரங்கன் நின்றிருந்தான். அவன் காதிலும் விழுந்திருந்தது. அய்யாதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரங்கன் அவனைத் தாண்டிக்கொண்டு போய்விட்டான்.

கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் கவுண்டர்க்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார், இன்னொரு தரம் படித்தார், அடித்த பெயருக்கு மேலே அதே பெயரைத் திருத்தமாக எழுதினார். டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று எரிந்து விழுந்தார். விரலோடு விடுமா, பாதம் போகுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். ஆனால் இப்போதே திறக்கிறேன் என்றார். சீதாவிடம் வழியெல்லாம் கெங்கம்மா சொல்லியிருக்க வேண்டும். அவள் குழந்தையைப் புருஷன் கையில் ஒரு நிமிஷம் கொடுத்து, மறுபடி வாங்கிக்கொண்டாள்.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்த சண்முகவடிவு மகனைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டாள்.

"ஏல, ஷிப்ட்டு நேரத்துல இங்க என்ன செய்த? எனக்கு ஒண்ணும் இல்ல, இவளுவ இருக்காளுவ. நீ போ, லேட்டாயிரும்."

கெங்கம்மா வேதநாயகத்தின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அய்யாதுரை வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டான்.

"இல்லம்மா" என்றான். "இனிமே லேட்டே ஆகாது."